கடலடிச் சேற்றிலிருந்து பழைய கடற்பனியைக் கணிப்பது எப்படி: வட ஐஸ்லாந்துக் கடலை வைத்து ஒரு வழிகாட்டி

நிலவியலோ கடலியலோ படித்துவிட்டு எங்கள் ஆய்வகத்துக்கு வரும் நம்மூர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குவார்கள். "பனி உருகினால் தண்ணீராகிவிடும். அது இருந்ததற்கான தடயம் சேற்றில் எப்படிக் கிடைக்கும்?" நியாயமான கேள்விதான். பனி தங்காது, ஆனால் பனிக்குள் வாழ்ந்த நுண்பாசியின் கொழுப்பு தங்கும். பனி சுமந்து வந்த மணல் தங்கும். பனி விலகிய நாட்களில் வெளிச்சம் கண்டு பெருகிய உயிர்களின் ஓடுகளும் தங்கும். இவை எல்லாம் அடியில் போய் அடுக்கடுக்காகப் படிகின்றன. செயற்கைக்கோள் கொண்டு கடற்பனியைத் தொடர்ச்சியாக அளப்பது 1978 கடைசியில்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் நடந்ததை அறியக் கப்பல் குறிப்புகளும் கரையோரப் பதிவுகளும் ஓரளவு உதவும். அவையும் இல்லாத காலத்துக்குச் சேறுதான் கதி.

முதலில் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நேரே ஆர்க்டிக்கின் நடுவுக்கே போக ஆசைப்படுவார்கள். நான் வேண்டாம் என்பேன். முதல் வேலையை எழுத்துச் சான்று இருக்கும் இடத்தில் செய்து பழகுங்கள். நீங்கள் சேற்றில் படித்தது சரியா என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இருப்பார். அதற்கு வட ஐஸ்லாந்துக் கண்டத்திட்டைவிட நல்ல பள்ளிக்கூடம் எனக்குத் தெரியவில்லை.

ஆர்க்டிக்கிலிருந்து ஃப்ராம் நீரிணை வழியாக இறங்கும் கிழக்கு கிரீன்லாந்து நீரோட்டம் குளிர்ந்த, உப்பு குறைந்த நீரையும் பனியையும் தெற்கே தள்ளிக்கொண்டு வருகிறது. அதன் ஒரு கிளை ஐஸ்லாந்தின் வடக்குக் கரைப் பக்கம் திரும்புகிறது. எதிர்ப்புறம், அட்லாண்டிக்கின் வெதுவெதுப்பான நீரைக் கொண்ட இர்மிங்கர் நீரோட்டம் தீவின் மேற்குக் கரையைச் சுற்றி அதே இடத்துக்கு வருகிறது. இரண்டும் சந்திக்கும் எல்லை கொஞ்சம் நகர்ந்தாலும் வடக்குக் கரையில் பனி வரும், அல்லது வராமல் போகும். அந்தக் கரையில் இருந்தவர்கள் பல நூறு ஆண்டுகளாக அதை எழுதி வைத்திருக்கிறார்கள். பனி வந்து அடைத்தால் படகு போகாது, மீன் கிடைக்காது, புல் முளைக்காது. வயிற்றுப்பாடு சம்பந்தப்பட்ட செய்தி என்பதால் மறக்காமல் குறித்தார்கள்.

அடுத்து, கோர் எடுப்பது. கடலடியில் குழாயை இறக்கி, அடுக்கு குலையாமல் எடுக்கும் சேற்று உருளைதான் கோர். கப்பலில் ஏறியவுடன் குழாயை இறக்கிவிடக் கூடாது. அடிமண் அடுக்குகளைக் காட்டும் எதிரொலிக் கருவியை முதலில் ஓட்டி, அடுக்குகள் கிடையாக, ஒழுங்காக, சரிவில் வழுக்காமல் கிடக்கும் பள்ளத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு ஒரே இடத்தில் இரண்டு வகைக் கருவி இறக்குங்கள். நீளமான பிஸ்டன் கோர் பல ஆயிரம் ஆண்டைத் தரும். ஆனால் அது விழும் வேகத்தில் மேலே உள்ள தளர்ந்த சேற்றைக் கலக்கிவிடும் அல்லது தள்ளிவிடும். அதாவது கடைசி ஒன்றிரண்டு நூற்றாண்டு காணாமல் போகும். அந்த மேல் பகுதியைச் சிதறாமல் எடுக்க, பல சிறு குழாய்களை மெதுவாக இறக்கும் மல்ட்டிகோரர் வேண்டும். எழுத்துச் சான்றோடும் செயற்கைக்கோளோடும் ஒப்பிட வேண்டிய பகுதி இதுதான், ஆகவே மல்ட்டிகோரருக்கு நேரம் இல்லை என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். 1999இல் மரியான் டுஃப்ரேன் கப்பல் இந்தக் கண்டத்திட்டில் எடுத்த எம்டி99-2275 என்ற கோர் இந்தத் துறையில் எல்லோரும் திரும்பத் திரும்பப் போகும் கோர். இணைந்து வேலை செய்ய வாய்ப்புக் கிடைத்தால் அந்தக் கோரைப் பற்றி வந்தவற்றை எல்லாம் படித்துவிட்டுப் போங்கள்.

சேறு எவ்வளவு வேகமாகப் படிகிறது என்பதை இடம் பார்க்கும்போதே கேட்க வேண்டும். கடலடியில் புழுக்களும் சிப்பிகளும் மேல் 10 செ.மீ. வரை சேற்றைக் கிளறிக்கொண்டே இருக்கும். ஆயிரம் ஆண்டுக்கு 2 செ.மீ. படியும் ஆழ்கடலில் அந்த 10 செ.மீ. என்பது 5,000 ஆண்டு. அத்தனையும் ஒன்றாகக் கலந்துவிட்ட சேற்றில் பத்தாண்டுக் கணக்கைத் தேடுவது வீண். வட ஐஸ்லாந்துப் பள்ளங்களில் ஆயிரம் ஆண்டுக்கு மீட்டர் கணக்கில் படிகிறது. கிளறினாலும் சேதம் சில பத்தாண்டுகளுக்குள் அடங்கிவிடும்.

கோரை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்ததும் ஒரு பாதியைத் தொடாமல் மூடி, 4 டிகிரி குளிரறையில் வையுங்கள். அது பின்னால் வருகிறவர்களுக்கு. மறு பாதியில் வேலை. உடனே படம் எடுங்கள், ஏனென்றால் காற்றுப் பட்டதும் சேற்றின் நிறம் மாறத் தொடங்கும். எக்ஸ்-கதிர் ஒளிர்வு ஸ்கேனர் இருந்தால் கோரை அப்படியே ஓட்டி, அடுக்கடுக்காகத் தனிமங்களின் அளவை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்கும்போது குழாய்ச் சுவரை ஒட்டிய சேற்றைச் சுரண்டித் தள்ளிவிட்டு நடுவிலிருந்து மட்டும் எடுங்கள். குழாய் இறங்கும்போது மேலே உள்ள சேறு ஓரத்தில் கீழே இழுபட்டிருக்கும். கொழுப்புப் பகுப்பாய்வுக்கான மாதிரியைப் பிளாஸ்டிக் பையில் போடாதீர்கள். பிளாஸ்டிக்கிலிருந்து கசியும் சேர்மங்கள் பின்னால் கருவியில் வந்து நிற்கும். சூளையில் 450 டிகிரியில் சுட்டெடுத்த கண்ணாடிக் குப்பி, அலுமினியத் தாள், அப்புறம் நேரே உறைபெட்டி. பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். கரைப்பான் ஒரு சொட்டுப் பட்டால் பேனா மை போய்விடும், பென்சில் போகாது.

காலக் கணக்கை நான் எப்போதும் முதலில் முடிக்கச் சொல்வேன். பனிக் குறியீடுகளைப் பார்த்த பிறகு காலத்தைக் கணித்தால், தெரியாமலே கை ஒரு பக்கம் சாயும். 1300இல் பனி கூடியது என்று ஏற்கெனவே படித்திருப்பீர்கள், உங்கள் வளைவு 1340இல் ஏறினால் 40 ஆண்டு தள்ளி வைக்க மனம் சொல்லும். அந்த வாய்ப்பையே வைத்துக்கொள்ளக் கூடாது.

மேல் பகுதிக்கு ஈயம்-210. அதன் அரைவாழ்வு 22 ஆண்டு சொச்சம், ஆகவே ஒரு நூற்றாண்டு சுமாராகத் தெளியும். கூடவே அணுகுண்டுச் சோதனைகளிலிருந்து வந்த சீசியம்-137, 1963ஐ ஒட்டி உச்சம் காட்டும். அதற்குக் கீழே வழக்கமாக ரேடியோகார்பன். இங்கேதான் கடல் ஒரு சிக்கல் செய்கிறது. ஆழத்தில் நெடுநாள் கிடந்துவிட்டு மேலே வரும் நீரில் உள்ள கார்பன், வளிமண்டலக் கார்பனைவிடச் சில நூறு ஆண்டு பழசாகத் தெரியும். அந்த நீரில் ஓடு கட்டிய உயிரும் அதே அளவு பழசாகக் காட்டும். இந்த வித்தியாசம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும். கடல் மாதிரிகளின் ரேடியோகார்பன் வயதை நாட்காட்டி ஆண்டாக மாற்றப் பொதுவாகப் பயன்படும் மரைன்20 திருத்த வளைவு துருவக் கடல்களுக்கு அப்படியே பொருந்தாது என்று அதை உருவாக்கியவர்களே சொல்கிறார்கள்.

வட ஐஸ்லாந்தில் இதற்கு இரண்டு மருந்து உண்டு. ஒன்று எரிமலைச் சாம்பல். ஹெக்லா எரிமலையின் 1104ஆம் ஆண்டுச் சாம்பல், 1300ஆம் ஆண்டுச் சாம்பல், வெய்டிவோட்ன் பகுதியிலிருந்து வந்த 1477ஆம் ஆண்டுச் சாம்பல் என்று ஆண்டு தெரிந்த அடுக்குகள் சேற்றுக்குள்ளேயே இருக்கின்றன. ஹெக்லா 1104 வெளிறிய, சிலிக்கா மிகுந்த சாம்பல். 1477 கறுத்த பசால்ட் சாம்பல். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். கண்ணாடித் துகள்களைப் பொறுக்கி, எலக்ட்ரான் மைக்ரோபுரோபில் வேதிக் கூறு பார்த்து, எந்த எரிமலை என்று உறுதி செய்த பிறகே ஆண்டு எழுதுங்கள். அந்த அடுக்கில் கிடக்கும் ஓட்டுக்கு ரேடியோகார்பன் எடுத்தால், கடல் எத்தனை ஆண்டு பழசாகக் காட்டுகிறது என்பது கழித்தல் கணக்காகிவிடும்.

இன்னொரு மருந்து ஒரு சிப்பி. ஆர்க்டிகா ஐலாண்டிகா என்ற இந்தச் சிப்பி மரத்தைப் போல ஆண்டுக்கு ஒரு வளையம் இடும். 2006இல் இந்தக் கண்டத்திட்டில் எடுத்த ஒன்று 507 ஆண்டு வாழ்ந்தது. 'மிங்' என்று பெயர் பெற்றது அதுதான். பல சிப்பிகளின் வளையங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, 1,300 ஆண்டுக்கு மேல் நீளும் ஆண்டுக் கணக்கைக் கட்டியிருக்கிறார்கள். வளையத்துக்கு வளையம் ரேடியோகார்பன் பார்த்தால் கடலின் பழமை எப்படி ஏறி இறங்கியது என்பது தெரியும். இத்தனை வசதி உலகில் வேறு எங்கும் ஒரே இடத்தில் கிடைப்பது அரிது.

இப்போது பனிக்கு வருவோம். முதல் சாட்சி ஐபி25. இது 25 கார்பன் அணுவும் ஓர் இரட்டைப் பிணைப்பும் கொண்ட, கிளைகள் நிறைந்த ஒரு கொழுப்பு. பிளிமத் பல்கலைக்கழகத்தின் சைமன் பெல்ட்டும் சகாக்களும் 2007இல் இதைக் கடற்பனியின் அடையாளமாக முன்வைத்தார்கள். வசந்தத்தில் பனியின் அடித்தட்டில் வாழும் சில டயாட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட நுண்பாசி) இனங்கள் மட்டுமே இதை உண்டாக்குகின்றன. ஹாஸ்லியா ஸ்பிக்கூலா அவற்றில் ஒன்று. பனி உருகும்போது இது கீழே இறங்கிச் சேற்றில் சேர்கிறது, மில்லியன் ஆண்டுகள் கடந்தும் அழியாமல் கிடக்கிறது.

எடுக்கும் முறை கடினமில்லை, கவனம்தான் வேண்டும். மாதிரியை உறைநிலையில் உலர்த்தி, அரைத்து, சில கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். கரைப்பான் ஊற்றும் முன்பே அளவு தெரிந்த உள்தரத்தைச் சேர்க்க வேண்டும். 7-ஹெக்சைல்நோனாடெகேன் என்பது வழக்கமாகச் சேர்ப்பது. இழப்பு எந்தக் கட்டத்தில் நடந்தாலும் உள்தரமும் கூடவே குறையும், அதனால்தான் கணக்கு நிற்கும். டைகுளோரோமீத்தேனும் மெத்தனாலும் இரண்டுக்கு ஒன்று கலந்து, மீயொலித் தொட்டியில் வைத்து மூன்று முறை வடியுங்கள். புகைபோக்கிக் கூண்டுக்கு வெளியே டைகுளோரோமீத்தேன் புட்டியைத் திறக்கவே கூடாது. பிறகு சிலிக்கா நிரப்பிய சிறு குழாயில் ஹெக்சேன் விட்டால் ஐபி25 இறங்கும், முனைவுத்தன்மை கூடிய கரைப்பான் விட்டால் ஸ்டெரால்கள் என்ற வேறு வகைக் கொழுப்புகள் இறங்கும். சேர்மங்களைப் பிரித்து அவற்றின் நிறையை அளக்கும் ஜிசி-எம்எஸ் கருவியில் ஐபி25ஐ நிறை 350 அயனியில் தேடுங்கள். அருகில் வேறு சேர்மமும் முளைக்கலாம், ஆகவே அது கருவியில் வெளிவரும் நேரமும் நிறையும் இரண்டும் பொருந்தினால்தான் ஏற்க வேண்டும். ஒவ்வொரு தொகுப்போடும் சேறே இல்லாத ஒரு வெற்று மாதிரியையும் அதே வழியில் ஓட்டுங்கள்.

எண் வந்துவிட்டது. இனித்தான் யோசிக்க வேண்டிய இடம். ஐபி25 பூஜ்யம் என்று வந்தால் பனி இல்லை என்று பொருளா? இருக்கலாம். ஆண்டு முழுக்கத் தடித்த பனி மூடியிருந்தாலும் பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் வெளிச்சம் ஊடுருவாத பனிக்கடியில் பாசி வளராது. ஒரே எண்ணுக்கு நேர் எதிரான இரண்டு அர்த்தம். இதனால்தான் திறந்த நீரில் வளரும் பாசியின் அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்கிறோம். பெரும்பாலும் பிராசிக்காஸ்டெரால் என்ற ஸ்டெரால், அல்லது மூன்று இரட்டைப் பிணைப்புள்ள ஹெச்பிஐ (ஐபி25 போன்றே கிளைகள் நிறைந்த கொழுப்பு). ஐபி25 இல்லை, நீர்ப்பாசி நிறைய என்றால் திறந்த கடல். இரண்டும் நிறைய என்றால் பனியின் விளிம்பு அங்கே இருந்திருக்கிறது. ஐபி25 இருந்து மற்றது குறைவு என்றால் வசந்தம் தாண்டியும் பனி கிடந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் நிரந்தர மூடல். ஃப்ராம் நீரிணையின் வடபுறக் கோர்களில் கடைசிப் பனியுகத்தின் ஒரு பகுதி அப்படித்தான் இருக்கிறது.

இந்த இரண்டையும் ஒரே எண்ணாக்கும் பிப்25 என்ற விகிதம் ஒன்று உண்டு. ஐபி25ஐ, ஐபி25உம் சமன்செய்த நீர்ப்பாசி அளவும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சமன் செய்யும் காரணி என்பது அந்தக் கோரில் ஐபி25இன் சராசரியை நீர்ப்பாசி அடையாளத்தின் சராசரியால் வகுத்தது. வசதியான எண்தான், நானும் போடுகிறேன். ஆனால் அந்தக் காரணி ஒவ்வொரு கோருக்கும் மாறும், கோரின் நீளத்தைக் கூட்டிக் குறைத்தாலும் மாறும். இரண்டு அளவும் மிகக் குறைவாக இருக்கும் அடுக்கில் விகிதம் மட்டும் பெரிதாக வந்து ஏமாற்றும். சைபீரியக் கரை போன்ற இடங்களில் ஆறு கொண்டுவரும் பிராசிக்காஸ்டெராலும் கலந்துவிடும். அதனால் விகிதத்தை வரைந்தால் அதன் கீழேயே இரண்டு மூல வளைவுகளையும் வரைந்து காட்டுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த இரண்டாம் சாட்சி குவார்ட்ஸ். ஐஸ்லாந்து பெரும்பாலும் பசால்ட் பாறையால் ஆனது, அதில் குவார்ட்ஸ் கிட்டத்தட்ட இல்லை. கிரீன்லாந்தின் கிழக்குக் கரைப் பழம்பாறைகளில் அது தாராளம். ஆக, ஐஸ்லாந்தின் வடக்கே கடலடியில் குவார்ட்ஸ் கூடினால், பெரும்பாலும் பனிதான் அதைச் சுமந்து வந்திருக்கும். எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல் கருவியில் அளக்கலாம். எடை தெரிந்த துத்தநாக ஆக்சைடைக் கலந்து ஓட்டினால் சதவீதம் நம்பகமாகக் கிடைக்கும். இதில் உள்ள அழகைக் கவனியுங்கள். பனிப்பாறை என்பது நிலத்துப் பனியாற்றிலிருந்து உடைந்தது, அதன் அடியிலும் குவார்ட்ஸ் மணல் இருக்கும், ஆனால் ஐபி25 உண்டாக்கும் டயாட்டம் உறைந்த கடல்நீரில்தான் வாழும். குவார்ட்ஸ் ஏறி ஐபி25 ஏறாமல் இருந்தால் பனிப்பாறைகள் வந்து போயிருக்கலாம். இரண்டும் சேர்ந்து ஏறினால் கடற்பனி என்ற முடிவு பலமாகிறது. அப்போதும் ஒரு கேள்வி மிச்சம்: அந்தப் பனி இங்கேயே உறைந்ததா, மிதந்து வந்ததா? வட ஐஸ்லாந்தைப் பொறுத்தவரை பெரும்பகுதி மிதந்து வந்ததுதான். அப்படியானால் உங்கள் வளைவு உள்ளூர்க் குளிரை மட்டும் சொல்லவில்லை, கிழக்கு கிரீன்லாந்து நீரோட்டம் எவ்வளவு பனியை இறக்கியது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

மூன்றாவது, நுண்ணுயிர் ஓடுகள். சேற்றை 63 மைக்ரான் சல்லடையில் கழுவி, உலர்த்தி, 150 மைக்ரானுக்கு மேலுள்ளதை நுண்ணோக்கியில் பார்த்து, ஒரு மாதிரிக்கு 300 ஃபோராமினிஃபெராவாவது (சுண்ணாம்பு ஓடு கட்டும் ஒற்றைச் செல் உயிர்) எண்ணுங்கள். நியோகுளோபோகுவாட்ரினா பாக்கிடெர்மா என்ற இடஞ்சுழி இனமே பெரும்பாலும் நிறைந்திருந்தால் துருவ நீர். அதன் வலஞ்சுழி உறவினமான இன்காம்ப்டா கூடினால் அட்லாண்டிக் நீர் எட்டிப் பார்த்திருக்கிறது. டயாட்டத்துக்கு ஹைட்ரஜன் பெராக்சைடும் அமிலமும் விட்டுச் சுத்தம் செய்து, ஆயிரம் மடங்கு பெரிதாக்கி எண்ண வேண்டும். ஃபிராஜிலாரியாப்சிஸ் ஓசியானிகா, சிலிண்ட்ரஸ் இனங்கள் பனியோடு போகும். தலசியோனீமா நிட்சியோய்ட்ஸ் வெதுவெதுப்பான நீரோடு போகும். மெல்லிய ஓடுகள் கரைந்துவிடும், தடித்தவை மிஞ்சும். ஆகவே எண்ணிக்கையில் இல்லாதது கடலில் இருந்ததே இல்லை என்று சட்டென்று எழுதிவிடாதீர்கள்.

வெப்பநிலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில கடற்பாசிகள் விட்டுச்செல்லும் கொழுப்பைக் கொண்டு நீரின் வெப்பத்தைக் கணிக்கும் ஆல்கினோன் முறை இந்தக் கண்டத்திட்டில் நன்றாகவே பயன்பட்டிருக்கிறது, ஆனால் உப்புக் குறைந்த துருவ நீரில் அதன் கணக்கு தடுமாறும். ஓட்டில் உள்ள மெக்னீசியம்-கால்சியம் விகிதமும் உறைநிலையை நெருங்கும் நீரில் மந்தமாகிவிடும். டிகிரிக் கணக்கில் ஓர் எண்ணைச் சொல்வதைவிட, எந்த நீர் ஆண்டது என்று சொல்வதே இங்கே பத்திரமானது.

இப்போது எழுத்துச் சான்றோடு ஒப்பிடலாம். தோர்வல்தூர் தோரோட்சன் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐஸ்லாந்துப் பனிக் குறிப்புகளைத் தொகுத்தார். பின்னர் ஆஸ்ட்ரிட் ஓகில்வி அந்த மூலங்களைச் சலித்து, நேரில் கண்டு எழுதியது எது, பின்னால் ஒருவர் கேட்டு எழுதியது எது என்று பிரித்தார். இந்தப் பிரிப்பைப் படிக்காமல் தொகுப்பை மட்டும் எடுத்து உங்கள் வளைவின் மேல் ஒட்டாதீர்கள். கரையில் நின்றவர் கண்ணுக்கெட்டிய பனியைத்தான் எழுதினார். உங்கள் கோர் கிடப்பதோ கரையிலிருந்து தள்ளி, ஆழத்தில். தவிர, அவர் குறிப்பு அந்த ஆண்டுக்கானது, உங்கள் ஒரு செ.மீ. சேறு பல ஆண்டுகளின் சராசரி. குறிப்புகளையும் அதே அளவு ஆண்டுகளுக்குச் சராசரி எடுத்த பிறகே ஒப்பிட வேண்டும். 1965 முதல் 1971 வரை ஐஸ்லாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் பனி திரும்பத் திரும்ப வந்த காலம் நல்ல சோதனை. மல்ட்டிகோரரில் அந்தக் காலச் சேற்றில் ஏதேனும் எழுகிறதா என்று பாருங்கள்.

எம்டி99-2275 கோரில் ஐபி25 1300 வாக்கில் சட்டென்று ஏறியதும், பின்வந்த நூற்றாண்டுகளின் ஏற்ற இறக்கம் எழுத்துக் குறிப்புகளோடு இணங்கிப் போனதும் 2008இல் வெளிவந்தன. இந்த அடையாளத்தை மற்ற இடங்களில் நம்பிப் பயன்படுத்தத் தைரியம் தந்ததில் அந்த வேலைக்குப் பெரிய பங்கு உண்டு. பதினைந்தாம் நூற்றாண்டின் பெரும்பகுதிக்கு எழுத்துச் சான்று மிகக் குறைவு. அந்த இடைவெளியில் சேறு சொல்வதற்கு மறுப்புச் சொல்ல ஆளில்லை, அதனால் அங்கேதான் குவார்ட்ஸையும் டயாட்டத்தையும் அருகில் வைத்து இரட்டிப்பு நிதானமாகப் படிக்க வேண்டும். இணங்காத அடுக்கு வந்தால் வளைவிலிருந்து நீக்காதீர்கள். சாம்பல் கொட்டிச் செறிவு நீர்த்துப் போயிருக்கலாம். ஒரு கிராம் சேற்றுக்கு எவ்வளவு என்பதோடு நிறுத்தாமல், கரிமக் கார்பனுக்கு எவ்வளவு, ஆண்டுக்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் எவ்வளவு என்றும் கணக்கிட்டால் அது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வேலை முடிந்ததும் தரவை பாங்கேயா போன்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுங்கள். பிப்25 விகிதத்தை மட்டும் போடாமல் ஐபி25, ஸ்டெரால், கரிமக் கார்பன், உலர்ந்த எடை, ஒவ்வொரு ரேடியோகார்பன் அளவீட்டின் திருத்தப்படாத எண், ஓடுகளின் எண்ணிக்கை எல்லாவற்றையும் ஆழத்தோடு சேர்த்துப் போடுங்கள். திருத்த வளைவுகள் சில ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன, சமன்செய்யும் காரணியும் மாறும். மூல எண்கள் இருந்தால் அடுத்தவர் உங்கள் கோரைத் திரும்ப வெட்டாமலே கணக்கைப் புதுப்பித்துக்கொள்வார். மீதிச் சேற்றை மறக்காமல் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள்.